வண்டி ஓட்டத் தகுதியானவர்

ஜூலை 1, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் பொங்கலுக்கு முன்னால் கொடுத்த டைரி. ஆறு மாதமாக பீரோவில் சும்மா கிடந்தது. நல்ல தாள் வீணாகப் போகிறதே என்று இன்று எடுத்து உட்கார்ந்தேன். எழுதுவதற்கென்று பெரிதாக ஒன்றும் இல்லை.

காலையில் மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் பிசுபிசுப்பு. மகள் வதனிக்குத் தோசை, வீட்டுக்காரருக்கு உப்புமா. அவருக்கு உடம்பு கொஞ்சம் அசதி. எழுந்ததும் எந்த இடம் என்று புரியாதவர்போலக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு ஒரு நா லீவு போடுங்க" என்றேன். "நாப்பது புள்ளைங்க ரோட்டுல நிக்கும், நீ வேற" என்று காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளி பஸ்ஸை எடுக்கப் போய்விட்டார். வதனியும் அதே பஸ்ஸில் போனாள். டிரைவர் மகள் என்பதால் அந்தப் பள்ளியில் அவளுக்கு ஃபீஸ் கிடையாது. ஒன்பதாவது படிக்கிறாள்.

கிளினிக்கில் கூட்டம். சங்ககிரியில் வீட்டுக்கு ஒருவராவது ஸ்டியரிங் பிடிக்கிறவர். லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும், அதற்காகத் திலகவதி டாக்டரிடம் வருகிறார்கள். உயரம், எடை, பிரஷர் பார்ப்பதும், சுவரில் இருக்கிற எழுத்துகளை வாசிக்கச் சொல்வதும் என் வேலை. பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவது டாக்டரம்மா.

புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. இனிமேல் எந்த டாக்டர் வேண்டுமானாலும் சான்று தர முடியாதாம். பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதித் தேறி, தனி எண் வாங்கியவர்கள் மட்டுமே பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடலாம். டாக்டரம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. "இந்த வயசுல என்னையப் பரீட்சை எழுதச் சொல்றாங்க பாரு கோகிலா" என்று சிரித்தார். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் நான் கேள்விகளை வாசிக்க வேண்டும், அவர் பதில் சொல்லிப் பார்ப்பார்.

ஜூலை 2, செவ்வாய்

விரிப்பையும் அவர் லுங்கியையும் தனியாக ஊறவைத்துத் துவைத்தேன். தலையணை உறையில் ரத்தக்கறை. ஈறு வீங்கியிருக்கும் என்கிறார். சாப்பிடும்போது காரம் பட்டால் முகம் சுளிக்கிறார்.

ஜூலை 4, வியாழன்

இன்று முதல் பாடம். கேள்விப் புத்தகம் இங்கிலீஷில்தான் இருக்கிறது. நர்சிங் உதவியாளர் படிப்பு படித்தவள் என்பதால் எனக்கு வாசிக்க வரும். ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரைக்காரர் பஸ் ஓட்டலாமா, ஒரு கண் மங்கியவர் ஓட்டலாமா, காது கேட்காதவர் ஓட்டலாமா என்று வரிசையாக வாசித்தேன். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார்.

அடுத்தது வலிப்புக் கேள்வி. பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு முதல்முறையாக வலிப்பு வருகிறது, ஒரே ஒருமுறைதான், அதுவும் தூக்கத்தில். அவர் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டலாமா?

"கூடாது" என்றார் டாக்டரம்மா, யோசிக்காமல். பிறகு கண்ணைத் திறந்து, "இதுல ஒரு கஷ்டம் இருக்குது, தெரியுமா? மத்த வியாதின்னா அவனுக்கே தெரியும். இது வந்தவனுக்கு வந்ததே தெரியாது. பக்கத்துல இருந்து பாத்தவங்க சொன்னாத்தான் உண்டு. அவங்க வாயத் தெறக்கலன்னா எந்த டாக்டராலயும் கண்டுபுடிக்க முடியாது" என்றார்.

அடுத்த கேள்வி ரத்த அழுத்தத்தைப் பற்றியது. அதையும் வாசித்தேன்.

ஜூலை 8, திங்கள்

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இன்று விடியற்காலையில் பால் வாங்க எழுந்தேன். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தமாகவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். உடம்பு கட்டைபோல விறைத்துக் கண் மேலே செருகியிருந்தது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. ஊரில் சொல்வார்களே என்று பஸ் சாவியை எடுத்து அவர் கைக்குள் திணித்தேன், அது தெறித்துச் சுவரில் விழுந்தது. கட்டில் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் அடங்கியது. குறட்டை விட்டுத் தூங்கினார். லுங்கி நனைந்திருந்தது.

போன திங்கட்கிழமை "அசதி" என்று எழுதியிருக்கிறேன். அன்றும் இதுதான்.

விழித்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார். "நீ கனாக் கண்டிருப்ப அம்மிணி." நான் அழுததும் முகம் மாறியது. "எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கறேன். ஒடம்பு வலிக்குது, அவ்வளவுதான். நாலு நா மழையில வண்டி ஓட்டுனா வலிக்காதா?" என்றார்.

"நாக்குல புண்ணு இருக்குதில்லீங்க? அது எப்படி வந்துச்சு?"

"கடிச்சுக்கிட்டேன். எல்லாரும் கடிச்சுக்கறதுதான்." சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இத வெளிய எங்காச்சும் உளறி வெச்சீன்னா நம்ம கத முடிஞ்சுது. ஆகஸ்ட்டுல லைசென்ஸ் புதுப்பிக்கணும். ஞாவகம் வெச்சுக்க."

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

வதனியை இனிமேல் டவுன் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன். காலையில் கணக்கு டியூசன் ஏற்பாடு செய்திருக்கிறேன், பள்ளி பஸ் நேரத்துக்கு ஒத்துவராது. "எனக்குக் கணக்கு நல்லாத்தான வருது?" என்று சண்டை போட்டாள். பத்தாவதுக்கு இப்போதே அடித்தளம் வேண்டும் என்றேன்.

டியூசன் நல்லதுதான். எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள்.

ஜூலை 12, வெள்ளி

பக்கத்து வீட்டு பர்வீன் வாசலில் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் ஹசீனா யூ.கே.ஜி., அதே பஸ்ஸில்தான் போகிறாள், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொள்வாள். "வதனிய ஏங்க்கா பஸ்ஸுல அனுப்பறதில்ல? ஹசீனா அக்கா வரல, அக்கா வரலன்னு ஒரே அழுவ" என்றாள். டியூசன் என்றேன். "நல்ல டீச்சரா?" என்று கேட்டாள். நல்ல டீச்சர் என்றேன்.

ஜூலை 17, புதன்

டாக்டரம்மா பயிற்சிக்குப் போய்வந்தார். ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது என்று அங்கே மண்டையில் அடித்துச் சொன்னார்களாம். ஓட்டுகிறவரை மட்டும் கேட்டால் போதாது, வீட்டில் இருப்பவர்களையும் விசாரிக்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்ததாம்.

சாயங்காலம் ஒரு டேங்கர் லாரி டிரைவர் வந்தார். சர்க்கரை எக்கச்சக்கம், ஒரு கண்ணில் பாதி பார்வை இல்லை. டாக்டரம்மா மறுத்துவிட்டார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயது ஆள், நரைத்த மீசை. "நீங்க எழுதறது ஒரு வரிங்க. எங்க வூட்டுல அதுதானுங்க அடுப்புல கொதிக்கற ஒல" என்று அழுதார். டாக்டரம்மாவுக்கும் கண் கலங்கியது, ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிக் காற்றைப் பிடித்தார்.

வெளியே வந்து அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 24, புதன்

டாக்டரம்மா தேறிவிட்டார். எண் வந்துவிட்டது. கிளினிக்கில் எல்லோருக்கும் மைசூர்பாகு.

ஜூலை 28, ஞாயிறு

மத்தியானம் கறிக்குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ரசம் டம்ளரைப் பாதியில் பிடித்தபடி அப்படியே நின்றுபோனார். உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல் அசைந்தது. ரசம் தொடையில் வழிந்தது, சூடு. "அப்பா, அப்பா" என்றாள் வதனி. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன?" என்று கேட்டார். தொடையைப் பார்த்து, "யாரு ஊத்துனது?" என்றார்.

ஏதாவது யோசனையில் இருந்திருப்பார். லைசென்ஸ் கவலை.

சாயங்காலம் நல்லபடியாகப் பேசினார். "நம்ம டாக்டரம்மாதான? நீ ஒரு வார்த்த சொன்னாப் போட்டுருவாங்க. வேற டாக்டர்கிட்டப் போய் நான் எதுக்கு நிக்கணும்?"

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போனோம். தண்ணீர் கரை தொட்டுச் சிவப்பாக ஓடியது. ஜனம் ஜேஜே என்று. அவர் முங்கிவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். நான் அவர் வேட்டி முடிச்சைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். "என்னைய என்ன கன்னுக்குட்டின்னு நெனச்சுக்கிட்டியா? விடு" என்றார். விடவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். சங்கமேஸ்வரரிடம் என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன். தப்பான காரியத்தைத்தான் கேட்டேன். லைசென்ஸ் கிடைக்க வேண்டும், பிறகு எதுவும் நடக்கக் கூடாது என்று.

எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பர்வீன் பிரியாணி கொண்டுவந்தாள். ஹசீனா பிறந்தநாள். "அவங்கப்பா துபாய்ல கெடக்கறாரு. நான் தனியாளு. மத்த டிரைவருங்க ஓட்டறதப் பாத்தா வயித்தக் கலக்குது. உங்க வூட்டுக்காரர் வண்டின்னாத்தாங்க்கா எனக்கு நிம்மதி" என்றாள்.

என்னால் சாப்பிட முடியவில்லை. வதனி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று வதனி பார்த்துவிட்டாள்.

விடியற்காலை. கட்டில் அடிக்கிற சத்தம் கேட்டு எழுந்து வந்து கதவருகில் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன், நின்றுகொண்டிருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அடுக்களைக்குக் கூட்டிப் போனேன்.

"இது எத்தன நாளா?"

நான் டம்ளரைக் கழுவினேன்.

"அதுக்குத்தான் என்னைய டியூசன்ல போட்டியா?"

"மெதுவாப் பேசு சாமி."

"அதுக்குத்தானம்மா?" அவள் குரல் உடைந்தது. "அப்ப ஹசீனா பாப்பா? அது தெனமும் ஏறுதே. அத நீ பாத்துக்கிட்டுத்தான நிக்கற?"

அப்பா வேலை போனால் உன் படிப்பு என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். ஆமாம், நான்தான் அப்படிக் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதினான்கு வயதுப் பெண் தன் தாயைப் பார்க்கிற பார்வை இல்லை அது. டியூசன் பையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டாள்.

அவர் எழுந்து குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, வழக்கம்போல பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். ஹசீனா கையாட்டினாள். நானும் கையாட்டினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று அவரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நேற்றே டாக்டரம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நாலைந்து முறை அறைக்குள் போனேன். ஒருமுறை பஞ்சு டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஒருமுறை மின்விசிறி ஓடுகிறதா என்று கேட்டேன்.

அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. எடை பார்த்தேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார், கண் அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். பிரஷர் சரியாக இருந்தது. டாக்டரம்மா மார்பில் குழல் வைத்துக் கேட்டார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கேள்விகளுக்கு வந்தார்.

"சர்க்கர?"

"இல்லீங்க."

"நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது?"

"கெடையாதுங்க."

"வலிப்பு, மயக்கம், நெனப்புத் தப்பறது, எப்பவாச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "தூக்கத்துல, இல்ல காலைல எந்திரிக்கறப்ப, ஏதாச்சும் பாத்ததா வூட்டுல யாராச்சும் சொன்னாங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பெண் பார்க்க வந்தபோது சிரித்த அதே மாதிரி, ஒரு பக்கமாக. "வூட்டுக்காரியே இங்கதானுங்க நிக்கறா. அவளயே கேட்டுக்கங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிரஷர் கருவியின் பட்டை என் கையில் இருந்தது. அதைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

"பாத்தேனுங்க" என்றேன். "வலிப்பு வருதுங்க டாக்டரம்மா. ஆனி மாசத்துலருந்து வருது. செவ்வாக்கெழமகூட வந்துச்சு."

வெளியே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். அவர் சிரிப்பு உடனே போகவில்லை, முகத்தில் அப்படியே நின்றது, பிறகுதான் மெல்லக் கலைந்தது. டாக்டரம்மா எழுந்து அவர் தோளில் கைவைத்து, "பயப்படாதீங்க. ஸ்கேன் எடுக்கலாம், மாத்திர இருக்குது, சரியாகற வியாதிதான். ஆனா பஸ்ஸ மட்டும் தொடாதீங்க" என்றார். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சட்டைப் பித்தான்களைப் போட்டுக்கொண்டார். ஒன்று மாற்றி விழுந்திருந்தது. அப்படியே வெளியே போனார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இத்தன நாளா அந்தக் கேள்விய நீதான எனக்கு வாசிச்ச?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேசவில்லை. சாப்பிடவில்லை. கட்டிலை விட்டு வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார். காலையில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். பழைய லைசென்ஸ் முடிய இன்னும் நாள் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மேஜைமேல் சான்று கிடக்கிறது. வேறு மாவட்டத்துக்குப் போய் வாங்கியிருக்கிறார். அந்த டாக்டரும் பரீட்சை எழுதி எண் வாங்கியவர்தான். "வண்டி ஓட்டத் தகுதியானவர்" என்று இருக்கிறது, கீழே முத்திரை.

"அவரு தல நிமிரவே இல்ல" என்றார். ஐந்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "அந்நிய ஆளு. அவரே நல்லாருக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. கட்டுன பொண்டாட்டி நீ..." முடிக்காமல் போய்விட்டார்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஏற்கெனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறாராம். பார்க்கிறோம் என்று பதில் வந்ததாம்.

ஆகஸ்ட் 14, புதன்

பள்ளித் தாளாளரைப் போய்ப் பார்த்தேன். ஏசி அறை. சொன்னேன், எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். பிறகு சான்றின் நகலை எடுத்துக் காட்டினார்.

"டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரும்மா. நான் உங்க பேச்ச நம்பறதா, இத நம்பறதா? புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அத ஸ்கூலுக்குள்ள கொண்டாராதீங்க. வேற டிரைவர் எங்கிருக்காங்க இப்ப?"

"நாப்பது புள்ளைங்க இருக்குதுங்களே சார்."

"அதுக்குத்தானம்மா சர்டிபிகேட் வாங்கறோம்."

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். பஸ் திரும்பி வரும்வரை தெருமுனையிலேயே நின்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று விடியற்காலை அவர் வாசல் பாயில் படுத்திருக்கும்போது மறுபடி வந்தது. அடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டார். அந்த நிலையில் பஸ் சாவியை எடுத்தார். நான் காலைப் பிடித்தேன். தாண்டிக்கொண்டு போனார்.

பஸ் எங்கள் காலனி முனையில்தான் முதலில் நிற்கும். பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக்கூட முடியாமல் ஓடினேன். படியில் ஏறி நின்று, தாய்மார்களைப் பார்த்துக் கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"ஏத்தாதீங்க! புள்ளைங்கள எறக்குங்க! இவருக்கு வலிப்பு வருதுங்க. இப்பக் காலைலகூட வந்துச்சு."

முதலில் யாரும் அசையவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பர்வீன்தான் முதலில் அசைந்தாள். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஹசீனாவை வாரித் தூக்கினாள். அதன்பிறகு எல்லோரும் ஏறினார்கள். பை, தண்ணீர் பாட்டில், அழுகை. பஸ் ஆயாவும் இறங்கிக்கொண்டாள்.

பர்வீன் கீழே நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்துகொண்டிருந்ததை அவள் முகத்திலேயே பார்த்தேன்.

"டியூசனா?" என்றாள். "உம்புள்ளைய மட்டும் எறக்கிட்டு, எம்புள்ளைக்குக் கையாட்டிக்கிட்டு நின்னியே. நீயெல்லாம் ஒரு பொம்பளயா?"

அக்கா என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் அவரும் நானும்தான். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கு" என்றார்.

"மாட்டேனுங்க."

"அடுத்த ஸ்டாப்புல புள்ளைங்க நிக்குது. எறங்கு கோகிலா."

"அங்கயும் எறங்கிச் சொல்லுவேன். எல்லா ஸ்டாப்புலயும் சொல்லுவேன்."

வண்டியை எடுத்தார். ஹசீனா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வை வழிந்து காலருக்குள் இறங்கியது. காலி சீட்டுகள் பின்னால் கடகடவென்று ஆடின. அவர் தலை கொஞ்சம் சாய்ந்தால்கூட எனக்கு உயிர் போய்வந்தது. வதனி டவுன் பஸ்ஸில் போயிருப்பாள், இரண்டு பேரும் போய்விட்டால் அவள் என்ன செய்வாள் என்று நினைத்தேன். இறங்க மட்டும் தோன்றவில்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தது. நிறுத்தினார். சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. கேட் திறந்தது. எதிரில் வண்டிகள் வரத் தொடங்கின. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை. வந்துவிட்டது என்று நினைத்து எழுந்து அவர் தோளைப் பிடித்தேன்.

வரவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

வண்டியை ஓரமாக ஏற்றி நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: "எப்படி இருக்கும்?"

"என்னதுங்க?"

"அது வர்றப்ப. நான் என்ன பண்ணுவேன்? நீ பாத்ததச் சொல்லு."

இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் இதைக் கேட்டதில்லை. நானும், வருகிறது என்று சொன்னேனே தவிர, எப்படி என்று சொன்னதில்லை. சொன்னேன். சத்தத்தைச் சொன்னேன். கண் செருகுவதை, கை வெட்டுவதை, நுரையை, நாக்கு கடிபடுவதை, லுங்கி நனைவதை. ரசம் கொட்டியதைச் சொன்னேன். வதனி பார்த்ததையும் சொன்னேன். அதற்கு மட்டும் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலியே கோகிலா" என்றார். "தூங்கி எந்திரிச்ச மாதிரிதான இருக்குது. இருவது வருசமா ஓட்டறேன், ஒரு நாய்கூட அடிபட்டதில்ல. எனக்குத் தெரியாம நான் எங்க போயிட்டு வர்றேன்?"

அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஸ்டாப்பிலிருந்து கூப்பிட்டிருப்பார்கள். வெகுநேரம் கழித்து அவரே பள்ளிக்குப் போன் போட்டார்.

"சார், சென்னியப்பன் பேசறேனுங்க. வேற டிரைவர அனுப்புங்க. ரயில்வே கேட்டுகிட்ட நிக்கறேன். ஆமாங்க, வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தானுங்க முடியல."

ஆகஸ்ட் 24, சனி

கோயம்புத்தூரில் ஸ்கேன். மூளையில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறதாம், எப்போதோ வந்த கிருமி. மாத்திரை காலையிலும் மாலையிலும், வருஷக்கணக்கில். பஸ்ஸும் லாரியும் இனி இல்லை. அந்த இன்னொரு சான்றை அவரே கிழித்தார். லைசென்ஸை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்து, வெறும் பர்ஸை அடிக்கடி எடுத்துத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வதனியை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். பழைய பள்ளியின் டி.சி.யை அவளே கையில் வாங்கிக்கொண்டாள். என்னோடு அளந்துதான் பேசுகிறாள். பர்வீன் வீட்டுக் கதவு என்னைப் பார்த்ததும் சாத்திக்கொள்கிறது. காலனியில் தண்ணீர் பிடிக்கப் போனால் எல்லோரும் நகர்ந்து இடம் விடுகிறார்கள், பேசுவதில்லை.

அவர் வேலை தேடிப் போகிறார். லாரி எடைமேடையில் கேட்டிருக்கிறாராம். வியாதியைச் சொல்லித்தான் கேட்டேன் என்றார். அதனால் இன்னும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மாத்திரை போட்டும் இன்று காலை வந்தது. மருந்து பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வதனியும் எழுந்து வந்தாள். இரண்டு பேருமாக ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டோம். அவள் கை என் கைமேல் இருந்தது, எடுக்கவில்லை.

அடங்கிக் கண் திறந்ததும் சுற்றிலும் பார்த்தார். பிறகு என் முகத்தைத் தேடினார். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது.

"வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"செரி" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.